தோளை அமுக்கிப் பார்ப்பவர்

மவுத்தானவர்களைப் பற்றி நல்லதைத்தான் பேச வேண்டும் என்று மார்க்கத்தில் சொல்லியிருக்கிறது. அப்படியென்றால் இவரைப் பற்றி இரண்டு வரியில் முடித்துவிடலாம். அவருக்குப் பல்வரிசை நன்றாக இருந்தது. உயரமாகப் பாய்வார். வஸ்ஸலாம்.

முதலில் அதைத்தான் எழுதிக் கொடுக்க நினைத்தேன். எங்கள் ஊர் விளையாட்டுக் கழகம் அவருடைய நினைவாக ஒரு மலர் போடுகிறது. பக்கத்து வீட்டுக்காரி என்ற முறையில் என்னிடமும் இரண்டு பக்கம் கேட்டார்கள். தலைப்பையும் அவர்களே தந்துவிட்டார்கள்: கல்முனைக் கரையிலிருந்து போய் அவுஸ்திரேலிய உதைபந்து ஆடிய முதல் ஆள். நான் எழுதிக் கொடுத்ததைக் கழகத்துச் செயலாளர் அடுத்த நாளே திருப்பிக் கொண்டுவந்தான்.

"ராத்தா, இத எப்படிப் போடுற? அவர்ர மகன் பாத்தா என்ன நினைப்பான்?" என்றான். எங்கள் பக்கத்தில் அக்காவுக்கு ராத்தா, அண்ணனுக்குக் காக்கா.

"அப்ப போடாத" என்றேன்.

திருப்பித் தந்த தாள் இதுதான். கொஞ்சம் நீட்டியிருக்கிறேன்.

அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அவருடைய கை. ஸலாம் சொல்லி வலக்கையைக் கொடுப்பார். கொடுத்த கையை விடாமல் இடக்கையை எதிரே நிற்பவரின் தோளில் போட்டு ஒரு அமுக்கு அமுக்குவார். பார்ப்பவர்களுக்கு அது பாசம் மாதிரி இருக்கும். பாசமும் இல்லை, மண்ணும் இல்லை. மரக்காலைக்குப் பலகை வாங்கப் போனவர் பலகையை அமுக்கிப் பார்ப்பதுபோல, தாங்குமா என்று பார்ப்பது. பள்ளிவாசல் தலைவரின் தோளையும் அமுக்குவார், சைக்கிளில் மீன் கொண்டுவருகிறவரின் தோளையும் அமுக்குவார். தாங்குகிற தோள் என்று தெரிந்தால் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். தாங்காது என்று பட்டால் அந்த ஆளை அதற்குப் பிறகு கண்ணெடுத்தும் பார்க்க மாட்டார். நான் பெண் என்பதால் என் தோள் தப்பியது. என் தம்பியின் தோளை முதல்முதல் அமுக்கிய அன்று அந்தச் சிரிப்பு வந்ததை நான் பார்த்தேன். பார்த்துச் சந்தோஷப்பட்டேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவருடைய பந்துச் சரித்திரம் ஊரில் பல விதமாக ஓடுகிறது. அந்த நாட்டுத் தேசியக் குழுவில் ஆடினார் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். உள்ளது இவ்வளவுதான். இளந்தாரியாக இருந்தபோது இங்கே வொலிபோல் ஆடினார். வலைக்கு மேலே நெஞ்சு தெரியப் பாய்வார் என்று கூட ஆடியவர்கள் சொல்வார்கள். சண்டை தொடங்கிய காலத்தில் யார் யாரையோ பிடித்து அவுஸ்திரேலியாவுக்குப் போனார். ஒரு சின்ன ஊர், அங்கே ஒரு இறைச்சிக் கம்பனி, அதில் ஹலாலாக அறுக்கிற வேலை. சனிக்கிழமைகளில் அந்த ஊர்க் கழகத்துக்குப் பதினெட்டுப் பேர் சேர்வதே பாடு. கம்பனியில் கூட வேலை செய்த ஒருவன் இவர் பாய்வதைக் கண்டு கூட்டிக்கொண்டு போனான். இரண்டாம் தரக் குழுவில் ஆறு வருசம் ஆடினார். முதல் தரத்தில் மூன்றே மூன்று ஆட்டம், அதுவும் யாருக்கோ காய்ச்சல் வந்ததால். இதை அவரே ஒருமுறை என் தம்பியிடம் வாய்தவறிச் சொன்னார்.

அந்தப் பந்து முட்டை வடிவம். யாராவது அதை ரக்பிப் பந்து என்று சொல்லிவிட்டால் அவருக்கு முகம் கறுத்துவிடும். இரண்டு பக்கமும் நாலு நாலு கம்பம் நட்டு, நடுக்கம்பங்களுக்கு இடையே உதைத்து விட்டால் கோல். பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடலாம், கைமுட்டியால் குத்திக் கொடுக்கலாம். ஒருவர் உதைத்த பந்தை நிலத்தில் படவிடாமல் பிடித்தால் அதற்கு மார்க் என்று பெயர். அந்த மார்க்கைப் பிடிப்பதற்காக முன்னால் நிற்பவனின் முதுகில் முழங்காலை ஊன்றி மேலே ஏறலாம், சட்டத்தில் இடமுண்டாம். அந்த விளையாட்டின் அத்தனை சட்டங்களிலும் இவருக்கு மனதில் பதிந்தது அந்த ஒன்றுதான்.

ஊரில் அவருடைய பழைய வீட்டு மண்டபத்தில் ஒரு படம் மாட்டியிருந்தது. அந்தச் சின்ன ஊரின் பத்திரிகையில் வந்த படம், பெரிதாக்கிக் கண்ணாடி போட்டது. மெலிந்த கறுத்த இளைஞன் ஒருவன் ஒரு வெள்ளைக்காரனின் முதுகில் முழங்காலோடு நிற்கிறான். கை இரண்டும் வானத்தில், பந்து விரல் நுனியில். நல்ல படம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். கீழே நிற்பவனின் முகம் மட்டும் தெரியவில்லை. தலை குனிந்திருக்கிறது, பிடரி மயிர்தான் தெரிகிறது.

"ஆர் காக்கா இது, கீழ நிக்கிற ஆள்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"தெரியா தங்கச்சி. மற்றப் பக்கத்து ஆள்" என்றார்.

"அந்தாளுக்கு நோகல்லியா?"

அந்தக் கேள்வியை அவரிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். "கீழ நிக்கிறவன் அசையப்படாது. அசையாம நிண்டா ஒண்டும் நோகாது" என்றார்.

இதுதான் அவர் வாயில் எந்த நேரமும் இருந்த வசனம். கலியாண வீட்டில் மின்குமிழ் மாற்ற வேண்டுமா, ஏணி எடுத்து வர மாட்டார். பக்கத்தில் நிற்கிற யாரையாவது குனியச் சொல்லி, முதுகில் கால் வைத்து ஏறிவிடுவார். ஏறிக்கொண்டே இந்த வசனத்தைச் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். குனிந்தவனும் சிரிப்பான், வேறு என்ன செய்வது?

சுனாமி வந்து இரண்டு மாதத்தில் அவர் ஊருக்கு வந்து இறங்கினார். கடல் என் உம்மாவையும் வீட்டையும் கொண்டுபோயிருந்தது. என் மாப்பிள்ளை வேலைக்குக் கட்டாருக்குப் போயிருந்தார். எனக்கென்று பக்கத்தில் மிஞ்சியது பத்தொன்பது வயதுத் தம்பி மட்டும்தான். பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில் நாலு குடும்பத்தோடு இருந்தோம். அவுஸ்திரேலியாவிலிருந்து கண்டெய்னர் வந்திருக்கிறது என்று சனம் ஓடியது, நானும் ஓடினேன். அரிசி வேகவைக்கச் சட்டி இல்லாமல் கிடந்தோம். கதவைத் திறந்தால் பந்து. முட்டைப் பந்துகள், கையில்லாத பெனியன்கள், தொடையோடு நிற்கிற காற்சட்டைகள். அவர் ஆடிய கழகம் மனமுவந்து அனுப்பியதாம்.

"புள்ளைகள்ற மனசு மாறோணும் தங்கச்சி. பந்து இரிந்தா சோகம் மறந்துபோகும்" என்றார்.

"சட்டி இரிந்தா பசியும் மறந்துபோகும் காக்கா" என்றேன்.

சிரித்தார். அவருக்கு யார் குத்திப் பேசினாலும் உறைக்காது. அந்தப் பெனியன்களை அடுப்படித் துணியாக்கியவர்கள் உண்டு. ஆனால் இளம் பிள்ளைகள் அந்தப் பந்துக்குப் பின்னால் போனார்கள், அதையும் நான் மறைக்கவில்லை. கடற்கரை மணலில் அந்தப் பந்து எழும்பவே எழும்பாது, எழும்பினாலும் எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. அதைப் பார்த்து, பிள்ளைகள் பல நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார்கள்.

பிறகு பள்ளிவாசலிலிருந்து சொல் வந்தது: முழங்கால் தெரிகிற காற்சட்டையோடு விளையாடக்கூடாது. அவர் காற்சட்டை மூட்டையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். நான் தையல்காரி. நிவாரணத்தில் கிடைத்த ஒரு மெசினோடு வகுப்பறை வாசலில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தேன். ஆம்பிளைகள் உடுக்கிற மருதமுனைச் சாரன் துணியை வெட்டி அத்தனை காற்சட்டைக்கும் கீழே ஒட்டுப்போட்டுக் கொடுத்தேன். மேலே நீலம், கீழே கட்டம் போட்ட சாரன். அந்த நாட்டுக் கழகத்தார் பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்கள். கூலி வாங்கவில்லை. ஏனென்றால் மூட்டையை இறக்கும்போதே அவர் சொல்லிவிட்டார்: "இதுல ஒருத்தன நான் கூட்டிப் போவன் தங்கச்சி. கழகத்தால கடிதம் தருவாங்க. ஒங்கட தம்பிர தோள் நல்ல தோள்."

அந்தச் சொல்லுக்காக நான் இன்னும் நூறு காற்சட்டை தைத்திருப்பேன். தம்பி இந்தக் கடலைவிட்டுத் தூரமாகப் போய்விட வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. தம்பிக்குப் பந்தில் பெரிய ஆசை கிடையாது. மேசன் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். எங்கே பார்த்தாலும் வீடு கட்டிய காலம், கைநிறைய வேலை. வேலை முடித்து சீமெந்துத் தூசியோடு வருகிறவனை நான்தான் விரட்டி விரட்டி மைதானத்துக்கு அனுப்பினேன்.

ஒருநாள் விளையாடிவிட்டு வந்து தம்பி ஒரு கதை சொன்னான். அந்த நாட்டுக்குப் போன முதல் குளிர்காலம் முழுக்க, பயிற்சியில் இவரைத்தான் கீழே நிறுத்தினார்களாம். பெரிய பெரிய ஆட்கள் முறைவைத்து இவர் முதுகில் ஏறிப் பழகினார்களாம். அசையாதே, அசையாதே என்று கத்துவார்களாம். நோன்பு காலத்திலும் நோன்போடு போய் நின்றிருக்கிறார், மைதான ஓரத்தில் வெட்டி வைத்த தோடம்பழத் துண்டால் நோன்பு திறந்திருக்கிறார். "பாவம் ராத்தா" என்றான் தம்பி. எனக்கும் ஒரு கணம் பாவமாகத்தான் இருந்தது. அந்த ஒரு கணத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது. அவர் பட்டதற்கு நாங்களா பொறுப்பு?

அடுத்த வருசம் நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் கடற்கரையில் ஒரு ஆட்டம் வைத்தார். கல்முனையிலிருந்து ஸ்டூடியோக்காரர் ஒருவரையும் பிடித்து வந்திருந்தார். மண்டபத்தில் மாட்டிய படத்தைப்போல இன்னொன்று எடுத்துத் தன்னுடைய பழைய கழகத்துக்கு அனுப்ப வேண்டுமாம். அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது, வயிறும் வைத்திருந்தது.

அன்று காலையில் தம்பி பாயிலிருந்து எழும்பவில்லை. "ராத்தா, நான் இண்டைக்குப் போகல்ல. நாரி சரியா நோகுது" என்றான். பெருநாளுக்கு முந்திய கிழமை முழுக்க நற்பிட்டிமுனைப் பக்கம் ஒரு வீட்டு வேலையில் சீமெந்து மூட்டை சுமந்திருந்தான். நாரி என்றால் இடுப்புக்கு மேலே முதுகின் அடிப்பக்கம், மூட்டை சுமக்கிறவர்களுக்கு முதலில் அங்கேதான் பிடிக்கும்.

"எல்லாருக்கும் நோகத்தான் செய்யும். அவர் இண்டைக்குத்தான் ஆளத் தெரிவு செய்யப் போறார். எழும்பு மனே" என்றேன். பெனியனை ஸ்திரிக்கை போட்டுக் கொடுத்தேன். எந்த ராத்தாவும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

பெண்கள் நாங்கள் கடற்கரை வீதியில் நின்று பார்த்தோம். ஆட்டத்தின் நடுவில் நிறுத்தி, தம்பியைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார். ஒருவன் தூரத்திலிருந்து பந்தை உயர உதைத்தான். இவர் பின்னாலிருந்து ஓடிவந்து, தம்பியின் முதுகில் முழங்காலை வைத்து ஏறி, பந்தைப் பிடித்தும் விட்டார். சனம் கைதட்டியது. நானும் தட்டினேன். ஸ்டூடியோக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். படம் விழவில்லை.

"இன்னொருக்கா" என்றார் ஸ்டூடியோக்காரர்.

தம்பி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றான். நான் நின்ற பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தான். நான் கையை ஆட்டினேன், நில்லு நில்லு என்று. பந்து மேலே போனது. இவர் ஓடிவந்தார். இந்த முறை பந்து அவர் கையைத் தாண்டிப் போய்விட்டது. முழங்கால் மட்டும் தம்பியின் நாரியில் இறங்கியது. இரண்டு பேரும் விழுந்தார்கள். அவர் எழும்பி மணலைத் தட்டினார். தம்பி எழும்பவில்லை.

அவர் சொன்ன முதல் வார்த்தை "அசைஞ்சிட்டான்" என்பது. கடற்கரையில் நின்ற எல்லோரிடமும் சொன்னார். ஆஸ்பத்திரிக்கு ஒரு பை திராட்சைப்பழத்தோடு வந்து, "ஆடாம நிண்டிருந்தா ஒண்டும் வந்திருக்கா டொக்டர், அசைஞ்சிட்டான்" என்று டொக்டரிடமும் சொன்னார். முள்ளந்தண்டில் ஒரு எலும்பு நொறுங்கியிருந்தது. பத்தாம் நாள் அவர் அவுஸ்திரேலியாவுக்கு விமானம் ஏறிவிட்டார். யாரையும் கூட்டிப் போகவில்லை.

தம்பி நடக்கிறான், அல்ஹம்துலில்லாஹ். குனிய முடியாது. பாரம் தூக்க முடியாது. மேசன் வேலை அன்றோடு போயிற்று. பேசி வைத்த கலியாணம் பேச்சோடு நின்றது. திரும்பக் கட்டிய எங்கள் வீட்டின் முன்னறையில், கைத்தொலைபேசிக்குக் காசு போட்டுக் கொடுக்கிற ஒரு ரீலோட் கடை வைத்திருக்கிறான். அரைமணி உட்காருவான், அரைமணி நிற்பான். பள்ளிவாசலில் கடைசி வரிசையில் வயதானவர்களோடு பிளாஸ்டிக் கதிரையில் இருந்து தொழுகிறான். இருபது வயதிலிருந்து அவன் நெற்றி தரையில் படவில்லை. இறந்தவருக்காகத் தொழுகிற ஜனாஸாத் தொழுகையில் மட்டும் குனிவதும் இல்லை, நெற்றியைத் தரையில் வைக்கிற ஸுஜூதும் இல்லை, நின்றபடியே முடிந்துவிடும். அதனால் ஊரில் யார் மவுத்தானாலும் போய்விடுவான். மற்ற ஆம்பிளைகளோடு ஒரே மாதிரி நிற்க அவனுக்குக் கிடைக்கிற இடம் அது ஒன்றுதான். இவருடைய ஜனாஸாவுக்கும் போனான். முன்வரிசையில் நின்றான் என்று வந்து சொன்னார்கள்.

அந்தாள் வேலையிலிருந்து ஓய்வு எடுத்து ஊரோடு வந்து சேர்ந்தபோது, எங்கள் வீட்டுக்கு ஒட்டியிருந்த காணியை வாங்கி மாடிவீடு கட்டினார். ஊரில் வேறு காணியே இல்லாத மாதிரி. சாரம் கட்டுவதற்கு மரங்களைக் கேட்காமல் கொள்ளாமல் எங்கள் மதிலில் தாங்கவைத்தார். ஒருநாள் மதில் மேலிருந்து கீழ்வரை வெடித்துவிட்டது. போய்க் கேட்டேன். வந்து பார்த்தார், வெடிப்பில் விரலை வைத்துப் பார்த்தார்.

"மதில் அசைஞ்சிட்டுது தங்கச்சி" என்றார்.

இதை நான் இட்டுக்கட்டவில்லை. அல்லாஹ் மேல் ஆணையாக இப்படித்தான் சொன்னார். அன்றைக்கு நான் கத்தியதில் தெருவே கூடிவிட்டது. தம்பிதான் வந்து என்னை உள்ளே கூட்டிப்போனான்.

ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் புறப்படுவதற்கு முன் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். மனிதனுக்கு மனிதன் செய்த அநியாயத்தை அந்த மனிதன்தான் பொறுக்க வேண்டும், அல்லாஹ்வே அதில் இடையில் வரமாட்டான் என்று ஆலிம்கள் சொல்வார்கள். அதனால் எவ்வளவு பெரிய ஆளும் அந்தக் கிழமை வாசல்படி ஏறியே ஆக வேண்டும். இப்போது அதற்கும் வட்ஸ்அப் வந்துவிட்டது. இவர் ஹஜ்ஜுக்குப் போகிற வருசம் எங்கள் தெருக் குழுமத்தில் ஒரு குரல் பதிவு போட்டார்.

"அஸ்ஸலாமு அலைக்கும். நான் இன்ஷா அல்லாஹ் ஹஜ்ஜுக்குப் போறன். தெரிஞ்சோ தெரியாமலோ ஆருக்கும் ஏதும் செய்திருந்தா அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கங்க."

தெருவே கட்டைவிரலைக் காட்டிப் பொறுத்துவிட்டது. சிலர் பூவும் போட்டார்கள். தம்பியின் கடையில் நின்றபடி இதைக் கேட்ட எனக்கு உச்சந்தலை சுட்டது. அதே குழுமத்தில் நானும் பேசிப் போட்டேன்.

"காக்கா, தெரியாமச் செய்தத நாங்களும் தெரியாமலே பொறுத்துட்டம். தெரிஞ்சு செய்த ஒண்டு ஒங்கட பக்கத்து வீட்டுல கதிரையில இரிக்கி. அத வந்து கேளுங்க."

அதற்கு ஒருவரும் விரல் காட்டவில்லை. "ஏன் ராத்தா இது?" என்றான் தம்பி. வரமாட்டார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். வராமல் போக வேண்டும், அந்தப் பாரத்தோடேயே மக்காவுக்குப் போய் வெறுங்கையோடு திரும்ப வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன். நல்ல ஆசை இல்லை, தெரியும்.

மூன்றாம் நாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வந்தார். கூட இரண்டு பேர். சீனி வருத்தம் ஆளை உருக்கியிருந்தது, சேட்டு தோளில் நிற்கவில்லை. தம்பி கதிரையைப் பிடித்து எழும்பினான். ஸலாம் சொல்லிக் கைகொடுத்தார். பழக்கதோஷத்தில் இடக்கையும் தம்பியின் தோளுக்கு எழும்பியது. பாதியில் நின்று, கீழே இறங்கியது.

"தம்பி, பொறுத்துக்க" என்றார்.

"எதைக் காக்கா?" என்றான் தம்பி. குத்தலாகக் கேட்கவில்லை, சும்மா கேட்டான்.

"எல்லாத்தையும்தான்."

"எல்லாத்தையும் எண்டா அதுக்கு வட்ஸ்அப்பே போதுமே" என்றேன் நான், உள்கதவில் நின்றுகொண்டு.

கூட வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவர் அவர்களிடம் "நீங்க வெளிய இரிங்க" என்றார். அவர்கள் போனதும் மர வாங்கில் உட்கார்ந்தார். ஒருவர் ரீலோட் கேட்டு வந்தார், தம்பி போட்டுக் கொடுத்தான், வந்தவர் போனார்.

"அண்டைக்கு நீ அசையல்ல" என்றார்.

தம்பி ரீலோட் காசைப் பெட்டிக்குள் போட்டான்.

"நான்தான் பிந்தினன். முதல் பாய்ச்சலோடயே எனக்கு மூச்சு வாங்கிட்டு. ரெண்டாவது ஏலாது எண்டு தெரியும். அவ்வளவு சனத்துக்கு முன்னால ஏலாது எண்டு சொல்ல வெக்கம். நீ கல்லு மாதிரித்தான் நிண்டாய் தம்பி. அசைஞ்சிருந்தா தப்பியிருப்பாய்."

"இத ஏன் அண்டைக்கு டொக்டரிட்டச் சொல்லல்ல?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறாகக் கேட்டது. அவர் என் பக்கம் திரும்பவில்லை. தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினேழு வருசம் இந்த ஊர் முழுக்க என் தம்பி நிற்கத் தெரியாமல் நின்று முதுகை உடைத்துக்கொண்டவன் என்று பெயர். அதையும் இந்த மனிதர் பிந்தித்தான் பாய்ந்து பிடிக்க வந்திருக்கிறார்.

"பொறுத்துட்டன் காக்கா. போயிட்டு வாங்க" என்றான் தம்பி.

அழுவார் என்று பார்த்தேன். அழவில்லை. தலையை ஆட்டினார். வாசலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, வந்தவர்களோடு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். அவர் உட்கார்ந்த வாங்கை நான் துணி எடுத்துத் துடைத்தேன். அவ்வளவு ஆத்திரம் எனக்கு.

"ஒரு சொல்லுல விட்டுட்டியேடா" என்றேன் தம்பியிடம். "ஒன்ட வேல, ஒன்ட கலியாணம், ஒன்ட தொழுக. ஒரு நாளாவது யோசிச்சுச் சொல்றன் எண்டு சொல்லிருக்கப்படாதா? அந்த மனிசன அலைய விட்டிருக்கப்படாதா? என்னத்துக்கு ஒடன பொறுத்தாய்?"

தம்பி மேசையில் ரீலோட் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"அவர் கேட்டார் ராத்தா."

"கேட்டா?"

"கேட்டது அவர் மட்டும்தானே" என்றான்.

முதலில் எனக்கு விளங்கவில்லை. வேறு யார் கேட்க வேண்டும்? பந்தை உதைத்தவனையா, ஸ்டூடியோக்காரரையா சொல்கிறான் என்று நினைத்தேன். அவன் தலை நிமிரவில்லை. அட்டைகளை அடுக்கி முடித்துவிட்டான், கலைத்துத் திரும்ப அடுக்கினான். என் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காகத்தான் அடுக்குகிறான் என்று தெரிந்தபோது என் கையிலிருந்த துணியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. உள்ளே போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை, ஆனாலும் அடுப்படியில் நின்றேன்.

அந்தாள் ஹஜ் செய்து, ஹாஜியாராக வந்து, அடுத்த வருசம் மவுத்தாகியும் விட்டார். எனக்கு இப்போதும் அவரைப் பிடிக்காது. மலரில் இதைப் போடாவிட்டால் ஒன்றும் குறையப்போவதில்லை. பின்னேரங்களில் தம்பியின் நாரியில் எண்ணெய் பூசிவிடுவது நான்தான். எலும்பு நொறுங்கிய இடம் விரலுக்குத் தெரியும், அந்த இடம் வரும்போது அவன் மூச்சைப் பிடித்துக்கொள்வான், அசைய மாட்டான். ஒவ்வொரு நாளும் நானும் கேட்டுவிட வேண்டும் என்று வாயைத் திறக்கிறேன். திறந்து, மருந்து குடிச்சியா மனே என்று கேட்டுவிட்டுக் கையைக் கழுவப் போகிறேன்.